குற்றமும் குறையும்

'குற்றம் குறை' என்று இரண்டு சொற்களையும் சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். கல்யாணம் முடிந்து சம்பந்தி வீட்டாரை வழியனுப்பும்போது, "குற்றம் குறை ஏதாவது இருந்தால் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்" என்று கை கூப்புகிறோம். பேச்சில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகளைப் போல ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஆனால் சற்று நின்று யோசித்தால் இரண்டும் வேறு வேறு. குற்றம் என்று ஒன்று இருந்தால் அதைச் செய்தவன் ஒருவன் இருந்தாக வேண்டும். குறைக்கு அப்படி ஒருவன் தேவையில்லை. பந்தியில் சாம்பாருக்கு உப்புப் போதாமல் போனது குறை. ஏழைச் சொந்தக்காரனுக்கு மட்டும் வேண்டுமென்றே இலை போடாமல் விட்டது குற்றம். முதலாவதற்கு வேண்டியது ஒரு பிடி உப்பு. இரண்டாவதற்கு வேண்டியது விசாரணை.

இந்த வேற்றுமை இலக்கணப் பண்டிதர்களுக்கு மட்டும் உரிய விஷயமாக இருந்தால் நான் இதைப்பற்றி எழுத வந்திருக்க மாட்டேன். நோயாளியின் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு மனிதர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அந்தக் குழப்பத்துக்கான விலையைப் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் கொடுக்கிறார்கள். இதைச் சொல்வதற்கு ஓர் அபூர்வமான சிறுநீரக வியாதியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பத்து லட்சம் பேரில் சிலருக்கே வருகிற வியாதி அது. ஆனால் அதைச் சுற்றி எழுகிற கேள்விகள் அபூர்வமானவை அல்ல. எல்லார் வீட்டிலும் உள்ளவை.

கதை எழுதுகிறவனுக்குள்ள உரிமையோடு ஒரு குடும்பத்தைக் கற்பித்துக்கொள்கிறேன். சோழவந்தான் பக்கத்தில் ஓர் ஊர். கொஞ்சம் நெல் வயலும் கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்காலும் உள்ள வீடு. ஏழு வயதுப் பையனுக்கு நாலு நாள் காய்ச்சலும் பேதியும் இருந்து நின்றுவிடுகிறது. பிழைத்தான் என்று வீட்டார் மூச்சு விடும்போது, பையன் முகம் வெளிறிப்போகிறது. கண் இமைகள் வீங்குகின்றன. சிறுநீர் குறைந்து, கட்டித் தேநீரின் நிறத்தில் போகிறது. உள்ளூர் டாக்டர் உடனே மதுரைக்குக் கொண்டு போகச் சொல்கிறார். அங்கே ரத்தத்தைச் சோதித்துவிட்டு, சிவப்பணுக்கள் உடைந்து கிடக்கின்றன, தட்டணுக்கள் குறைந்துவிட்டன, சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்கிறார்கள். "இது பிறவியிலேயே அமைந்த ஒரு பழுதாகக்கூட இருக்கலாம்" என்று யாரோ ஒரு சின்ன டாக்டர் சொல்லிவிட்டுப் போகிறார்.

அவ்வளவுதான். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே நீதிமன்றம் கூடிவிடுகிறது.

"எங்க வம்சத்துல இப்பிடி ஒண்ணு கேள்விப்பட்டதே இல்லையே! இவ ஆத்தா வழியிலதான் என்னமோ இருந்திருக்கு" என்கிறாள் பையனின் அப்பத்தா. மருமகள் யார் தெரியுமா? அப்பத்தாவின் சொந்தத் தம்பி மகள். ஆகவே மருமகளின் பிறந்த வீட்டைக் குற்றம் சொன்னால் அது தன் பிறந்த வீட்டையே குற்றம் சொன்னதாகும். அதனால்தான் மிகுந்த சாமர்த்தியத்தோடு தம்பி பெண்டாட்டியின் வழியைப் பிடித்துக்கொள்கிறாள். பட்டணத்திலிருந்து வந்த சித்தப்பா படித்தவர். "சொந்தத்துக்குள்ளேயே கட்டாதீங்கன்னு அன்னிக்கே சொன்னேன், யார் கேட்டீங்க?" என்கிறார். பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணையாக வந்த பெரியவர், "எல்லாம் போன ஜென்மத்து வினை, தாயி" என்று பெருமூச்சு விடுகிறார். மூன்று பேரும் மூன்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற தாய், மூன்றையும் தன் மடியில் வாங்கிக்கொள்கிறாள்.

அப்பத்தா கெட்டவள் அல்ல. இரவெல்லாம் கண் மூடாமல் அந்தப் பையனின் காலைப் பிடித்துவிடுகிறவளும் அவள்தான். துக்கத்துக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒரு கைப்பிடி வேண்டியிருக்கிறது. 'எதனால்?' என்ற கேள்விக்குப் பதில் வர நாளாகும். 'யாரால்?' என்ற கேள்விக்குப் பதில் எப்போதும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

தீர்ப்புகள் வந்துவிட்டன, சாட்சியத்தை இனிமேலாவது பார்ப்போம்.

நம் ரத்தத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள் ஒரு காவற்படையாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஈரலில் உற்பத்தியாகின்றன. கிருமி ஒன்று உள்ளே நுழைந்தால், இவை ஒன்றையொன்று தட்டி எழுப்பி, அதன்மேல் போய்ப் படிந்து, அதன் உறையில் துளையிட்டுக் கொன்றுவிடுகின்றன. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜூல் போர்தே 1890களில் இந்தச் சக்தியை ஆராய்ந்து விளக்கினார். 1919ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக் இதற்குக் 'காம்ப்ளிமென்ட்' என்று பெயர் வைத்தார். உடம்பின் மற்ற எதிர்ப்புச் சக்திகள் அரைகுறையாக விட்ட வேலையை இது நிரப்பி முடிக்கிறது என்பது பொருள். தமிழில் 'நிரப்பி' என்று சொன்னால் தவறில்லை.

இந்தப் படையின் சுபாவம் விசித்திரமானது. எதிரி வரும்வரை இது உறங்கிக்கொண்டிருப்பதில்லை. நீறு பூத்த நெருப்பைப் போல எந்நேரமும் கொஞ்சம் கனன்றுகொண்டே இருக்கிறது. இதன் தலைமைப் புரதமாகிய சி-3 ஓயாமல் சிறிது சிறிதாக விழித்துக்கொண்டு, பக்கத்தில் கிடைத்த எதன்மேலும் ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறது. கிருமியா, நம்முடைய சொந்த உயிரணுவா என்று அதற்குப் பார்க்கத் தெரியாது. அப்படியானால் நாம் ஏன் எரிந்துபோகாமல் இருக்கிறோம்?

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சிலப்பதிகாரத்தில், ஆராயாமல் தீர்ப்புச் சொன்ன பாண்டியன் அரியணையிலேயே உயிரை விட்ட பிறகு, கண்ணகி மதுரையின்மேல் தீயை ஏவுகிறாள். தீக்கடவுள் அவள் முன்னே வந்து, யாரை விட்டுவிட வேண்டும் என்று கேட்கிறான். அந்தணர், அறவோர், பசுக்கள், பத்தினிப் பெண்கள், முதியவர்கள், குழந்தைகள், இவர்களை விட்டுவிட்டுத் தீயவர்களின் பக்கம் போ என்று அவள் ஆணையிடுகிறாள். கணவனைப் பறிகொடுத்த அந்த ஆவேசத்திலும் இந்த ஆணையைச் சொல்ல அவள் மறக்கவில்லை. நெருப்புக்குச் சுடத்தான் தெரியும். யாரைச் சுடக்கூடாது என்பதை வேறு யாராவது சொல்லியாக வேண்டும். நம் ரத்தத்திலுள்ள நெருப்புக்கு அந்த ஆணையைச் சொல்கிற புரதங்கள் சில உண்டு. அவற்றில் முதன்மையானது 'ஃபாக்டர் எச்'.

இருபது மணிகள் கோத்த சரத்தைப் போன்றது அது. அதன் கடைசி இரண்டு மணிகள் நம் சொந்த உயிரணுக்களை அடையாளம் கண்டு பற்றிக்கொண்டு, "இங்கே வேண்டாம்" என்று நெருப்பைத் திருப்பி அனுப்புகின்றன. இந்தச் சரத்தை எப்படிக் கோக்க வேண்டும் என்ற குறிப்பு நம் முதலாவது குரோமோசோமில் எழுதப்பட்டிருக்கிறது. அதில் ஓர் எழுத்து மாறிவிட்டால், ஓர் அச்சுப்பிழை நேர்ந்துவிட்டால், கடைசி மணிகளின் பிடி தளர்கிறது. காவல் தன் வீட்டையே எரிக்கத் தொடங்குகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. அவற்றின் மெல்லிய ரத்தக் குழாய்கள் இந்தப் பாதுகாப்பையே மிகவும் நம்பி இருப்பவை. அவற்றின் உட்சுவர் புண்ணாகி, ரத்தம் அங்கங்கே உறைந்து, அந்த இடுக்குகளில் புகுந்து வரும் சிவப்பணுக்கள் கிழிந்துபோகின்றன. பையன் முகம் வெளிறியதும், சிறுநீரின் நிறம் மாறியதும் இப்படித்தான்.

இந்த வியாதிக் கூட்டத்துக்கு 'ஹீமோலிட்டிக் யுரீமிக் சிண்ட்ரோம்' என்று 1955இல் பெயர் வைத்தவர் சுவிட்சர்லாந்தின் டாக்டர் காஸர். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கிருமியின் விஷத்தால் வருவது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர்கள், ஷிகெல்லா கிருமியால் சீதபேதி கண்ட தென்னிந்தியக் குழந்தைகளுக்கு இது வருவதை 1978இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். மற்றொன்று, அந்த விஷம் இல்லாமலே வருவது. சில குடும்பங்களில் திரும்பத் திரும்ப வருவது. இந்த இரண்டாவது வகைக்கும் ஃபாக்டர் எச்சின் மரபணுவுக்கும் உள்ள தொடர்பை இங்கிலாந்தின் நியூகாஸில் ஆராய்ச்சியாளர்கள் 1998இல் நிறுவினார்கள்.

இப்போது தாழ்வாரத்து நீதிபதிகளிடம் வருவோம்.

அப்பத்தாவின் தீர்ப்பு வம்சத்தைப் பற்றியது. பழுது வம்சத்தில் வருவது உண்மைதான். ஆனால் பழுது வேறு, வியாதி வேறு. இந்த அச்சுப்பிழையைச் சுமப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வியாதியே வருவதில்லை. பையனின் தாத்தாவிடமும் அது இருந்திருக்கக்கூடும். அவர் எண்பது வயதுவரை கொடிக்காலில் வேலை செய்துவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடியிருக்கக்கூடும். உள்ளே கிடக்கிற பழுதை ஒரு காய்ச்சலோ, பேதியோ, பிரசவமோ வந்து கிளப்பிவிட வேண்டும். சிலருக்குக் கிளப்புகிறது, சிலருக்குக் கிளப்புவதில்லை. அப்பத்தா தன் தம்பி பெண்டாட்டியைக் கூண்டில் ஏற்றுகிறாள். அந்தப் பழுது அப்பத்தாவின் ரத்தத்திலேயே எழுபது வருஷமாகச் சத்தமில்லாமல் குடியிருந்திருக்கலாம்.

சித்தப்பாவின் தீர்ப்பில் ஒரு பொது உண்மை இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் கல்யாணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் சொந்தத்துக்குள் நடந்தவை. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் வருகிற வியாதிகள் பல இருக்கின்றன. மாமன் மகளைக் கட்டினால் அவற்றுக்கு வாய்ப்புக் கூடும். ஆனால் ஃபாக்டர் எச் பழுதாகி வருகிற இந்த வியாதிக்குப் பெரும்பாலும் ஒரு பிரதி பழுதானாலே போதும். அந்நியத்தில் கட்டியிருந்தாலும் வந்திருக்கும். பொதுவான ஓர் உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு, தனி ஒரு வழக்கில் தண்டனை கொடுத்துவிட முடியாது. சித்தப்பா கல்யாணத்துக்கு முன்னால் சொல்ல வேண்டிய யோசனையை, ஆஸ்பத்திரியில் வந்து தீர்ப்பாகச் சொல்கிறார். யோசனைக்கும் ஒரு காலம் உண்டு. அது தவறினால் யோசனை வெறும் ஈட்டியாகிவிடுகிறது.

மூன்றாவது தீர்ப்பு முன்வினை. அதை நம்புகிறவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. சிலப்பதிகாரமே அதை நம்புகிறது. மதுரையின் காவல் தெய்வம் கண்ணகியிடம் வந்து, கோவலன் முற்பிறப்பில் ஒரு நிரபராதியைக் காட்டிக்கொடுத்துக் கொல்லச் செய்தவன், அதன் பலனே இது என்று கதையை விளக்கமாகச் சொல்கிறது. கேட்ட கண்ணகி ஆறுதல் அடைந்தாளா? இல்லை. வளையல்களை உடைத்தெறிந்துவிட்டு, மேட்டையும் பள்ளத்தையும் பாராமல் மேற்கே நடந்தாள். தெய்வமே நேரில் வந்து சொன்ன விளக்கம்கூட ஒரு பெண்ணின் துக்கத்தைக் குறைக்கவில்லை என்பதை இளங்கோவடிகள் மறைக்காமல் காட்டியிருக்கிறார். முன்வினை என்ற விளக்கத்தில் எனக்குள்ள மனக்குறை இதுதான்: அதைச் சொன்ன மாத்திரத்தில் ஏழு வயதுப் பையன் நோயாளியாக இருப்பது போய்க் குற்றவாளி ஆகிவிடுகிறான். நோயாளிக்கு மருந்து கொடுக்க மனிதர்கள் ஓடுவார்கள். குற்றவாளி தண்டனையை அனுபவிக்கும்போது பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இங்கேதான் இந்தக் குழப்பம் உயிர்ப் பிரச்சினை ஆகிறது. இந்த வியாதியில் நம் நாட்டுக் குழந்தைகளிடம் ஒரு தனித்தன்மை இருக்கிறது. டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் டாக்டர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நோய்க்கூட்டம் கண்ட 246 குழந்தைகளில் 138 பேருக்கு, அதாவது பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, ஃபாக்டர் எச் ஒழுங்காகவே உற்பத்தியாகியும், அவர்களுடைய உடம்பே அதை எதிரியென்று எண்ணி அதற்கு எதிரான ஆயுதத்தைச் செய்திருந்தது தெரியவந்தது. மேல்நாடுகளில் இந்த ரகம் இவ்வளவு அதிகமாக இல்லை. இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோரிடம் ஃபாக்டர் எச்சுக்குப் பக்கத்து வீடான ஒரு மரபணு, இரண்டு பிரதிகளிலும் விடுபட்டிருந்தது. ஆனால் அதே விடுபாடு உள்ளவர்கள் எத்தனையோ பேர் ஒரு தலைவலிகூட இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். இங்கும் பழுது வேறு, வியாதி வேறுதான்.

இந்த ரகத்துக்கு வழி உண்டு. ரத்தத்தின் பிளாஸ்மா நீரைப் பிரித்து எடுத்துவிட்டு, வேறு மனிதர்கள் கொடுத்த பிளாஸ்மாவை ஏற்றுகிறார்கள். அதோடு, தவறான ஆயுதம் மேலும் உற்பத்தியாகாமலிருக்க மருந்து கொடுக்கிறார்கள். நாள் கடத்தாமல் தொடங்கினால் பல குழந்தைகளின் சிறுநீரகம் மீண்டுவிடுகிறது. கடத்தினால் மீள்வதில்லை. 'யாரால்?' என்று தாழ்வாரத்தில் விசாரணை நடக்கிற நாட்களும், பரிகாரத்துக்கு ஊர் ஊராகப் போகிற நாட்களும், இந்தக் கணக்கிலிருந்துதான் கழிகின்றன. வீட்டில் யாராவது ஒருவர் டாக்டரிடம் போய், "இது எந்த ரகம் என்று பார்க்கச் சோதனை இருக்கிறதா, ஐயா?" என்று கேட்டால், அந்த ஒரு கேள்வி மூன்று தீர்ப்புகளைவிட அதிக வேலை செய்யும்.

ஆனால் எல்லாருக்கும் இப்படி மீண்டு வரும் அதிர்ஷ்டம் இருப்பதில்லை. சிறுநீரகம் அழிந்தே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தாய் இப்போது எழுந்து வருகிறாள். "என்னோடதை எடுத்துக்கங்க" என்கிறாள்.

நம் நாட்டில் உயிரோடிருக்கும்போதே சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இதைத் தியாகம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறோம். அதில் ஒரு பகுதி தியாகம். மற்றொரு பகுதி, அத்தனை நாள் மடியில் வாங்கிக்கொண்ட தீர்ப்புகளுக்குக் கட்டுகிற அபராதம் என்று எனக்குத் தோன்றுகிறது. "உன்னால் வந்தது" என்று சொல்லச் சொல்ல, "என்னுடையதையே தந்துவிடுகிறேன்" என்று அவள் சொல்லத்தான் செய்வாள்.

இந்த வியாதியில் டாக்டர் அவளைத் தடுக்கிறார். ஏன்? அந்தப் பழுது அவளிடமிருந்தே பையனுக்கு வந்திருந்தால், ஒரு சிறுநீரகத்தை இழக்கிற அதிர்ச்சியே அவளுக்கு வியாதியைக் கிளப்பிவிடக்கூடும். கொடுத்த சொந்தக்காரருக்கே பின்னால் இந்த வியாதி வந்ததை மருத்துவ ஏடுகள் பதிவு செய்திருக்கின்றன. மேலும், ஃபாக்டர் எச் ஊறுவது ஈரலில். சிறுநீரகத்தை மட்டும் மாற்றினால் நெருப்பு அப்படியே இருக்கும், வீடு மட்டும் புதிது. பழைய நாட்களில் அப்படி மாற்றி வைத்தவர்களில் பெரும்பாலோருக்குப் புதுச் சிறுநீரகத்திலும் வியாதி திரும்பி வந்துவிட்டது. அன்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் புரதத்தின் கணக்கை மாற்ற அதனால் முடிவதில்லை. இங்கே தாயைத் தடுப்பது கொடுமை என்று ஒரு கதாசிரியன் எழுதிவிடலாம். வாசகர்கள் கண்ணீரும் விடுவார்கள். ஆனால் தன் உடம்பைக் கொடுத்துப் பழியைத் தீர்த்துக்கொள்ள வேண்டியதில்லை என்று அவளிடம் முதன்முதலாகச் சொல்கிற மனிதர் அந்த டாக்டர்தான். அந்த மறுப்பிலும் ஒரு கருணை இருக்கிறது.

அந்த வீட்டில் பையனுக்கு ஓர் அக்கா இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வயது பத்தொன்பது. வரன் பார்க்கிறார்கள். அவளையும் சோதிக்க வேண்டுமா? சோதித்து, பழுது இருக்கிறது என்று தெரிந்தால் அவளிடம் சொல்ல வேண்டுமா? "வெளியில் தெரிந்தால் யார் கட்டுவார்கள்?" என்று வீடு பதறும். அந்தப் பயத்தை அலட்சியமாகப் பேச எனக்கு மனமில்லை. அதன் வலி அந்த வீட்டாருக்குத்தான் தெரியும். ஆனால் பிரசவத்துக்குப் பின் இந்த வியாதி கிளம்பக்கூடும் என்பதையும் மறக்கக்கூடாது. முன்பே தெரிந்திருந்தால், பிள்ளை பெற்ற பெண்ணுக்குச் சிறுநீர் குறைந்த முதல் நாளே டாக்டர் எதைப் பார்க்க வேண்டும் என்று அறிந்திருப்பார். தெரியாவிட்டால், பிரசவக் கோளாறு என்று நாட்கள் போய்விடும். ஊருக்குச் சொல்ல வேண்டாம். தரகருக்குச் சொல்ல வேண்டாம். அவளுக்குச் சொல்லத்தான் வேண்டும். சோதித்துக்கொள்வதா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்யட்டும். உடம்பு அவளுடையது, அதைப்பற்றிய செய்தியும் அவளுடையது. பழுதைக் குற்றமாக எண்ணுகிற வீட்டில் அதை மூடி மறைப்பார்கள். குறை என்று எண்ணுகிற வீட்டில் அதைச் சொல்வதற்கு ஒரு வழி பிறக்கும்.

கடைசியாகப் பணம். அந்த நெருப்பின் கடைசிப் படிகளை அடைக்கிற ஈகுலிசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2007இல் வேறொரு ரத்த வியாதிக்கும், 2011இல் இந்த வியாதிக்கும் அனுமதி கிடைத்தது. முன்பு சிறுநீரகத்தை இழந்திருக்கக்கூடிய பலரை அது காப்பாற்றியிருக்கிறது. காவலைப் படுக்கப் போடுகிற மருந்தாதலால் மூளைக்காய்ச்சல் கிருமிக்குக் கதவு திறந்துவிடும். அதற்கு முன்கூட்டியே தடுப்பூசி போட வேண்டும். நல்ல மருந்துதான். ஆனால் அங்கே அதன் விலை ஆண்டுக்கு 4 லட்சம் டாலருக்கு மேல். இன்றைய மாற்று விலையில் 3 கோடி ரூபாயைத் தாண்டும். நம் மத்திய அரசு 2021இல் அபூர்வ நோய்களுக்கென்று ஒரு தேசியக் கொள்கையை வெளியிட்டது. அதன் பட்டியலில் உள்ள நோய்களுக்குக் கொடுக்கும் உதவியின் உச்சவரம்பு 2022இல் 50 லட்சம் ரூபாய் ஆக்கப்பட்டது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"ஒரு குழந்தைக்கு 3 கோடியா? அந்தப் பணத்தில் எத்தனை ஆயிரம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடலாம்!" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எந்த அரசாங்கமும் எந்த விலைக்கும் எதையும் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருக்க முடியாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அச்சுப்பிழையை யாரும் செய்யவில்லை. காய்ச்சலை யாரும் அனுப்பவில்லை. இதுவரை இந்தக் கதையில் 'யாரால்?' என்ற கேள்விக்கு இடமே இல்லாமலிருந்தது. விலை அப்படியல்ல. விலையை மனிதர்கள் உட்கார்ந்து வைத்தார்கள். ஆராய்ச்சிக்கு ஆன செலவு எவ்வளவு, லாபம் எவ்வளவு, ஏழை நாட்டுக்கு என்ன விலை என்று கேட்கலாம். பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் இருக்கிறார்கள். சோதனை வசதி மதுரையில் கிடைக்குமா, டில்லிக்குத்தான் அனுப்ப வேண்டுமா என்று கேட்கலாம். 'யாரால்?' என்று கேட்க வேண்டிய இடம் இது. இங்கே வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? "மருந்து விலை அப்படித்தான் இருக்கும், நம் தலையெழுத்து" என்று கையை விரித்துவிடுகிறோம்!

நம்முடைய குழப்பம் இரட்டைக் குழப்பம். வீட்டுக்குள்ளே, எவருடைய குற்றமும் இல்லாத ஒரு குறையைக் குற்றமாக்கி, ஒரு பெண்ணைக் கூண்டில் நிறுத்துகிறோம். வெளியே, விசாரிக்க வேண்டிய விஷயங்களை விதியின் குறை என்று சொல்லி விட்டுவிடுகிறோம். பாண்டியன் செய்த பிழையும் இதுதான். கையில் சிலம்பு வைத்திருந்தவனை விசாரிக்காமல் தண்டித்தான். அரண்மனைச் சிலம்பு போன வழியை விசாரிக்காமல் விட்டான்.

குற்றத்துக்குத் தீர்ப்பு வேண்டும். குறையை நிரப்பினால் போதும். இந்த வியாதியில் அப்படி நிரப்புகிறவர்கள் யார் என்று பாருங்கள். பிளாஸ்மாவுக்காக எங்கோ ஒரு ரத்த வங்கியில் கையை நீட்டிப் படுத்திருந்த முகம் தெரியாத மனிதர். டயாலிஸிஸுக்கும் மாற்றுச் சிகிச்சைக்கும் செலவை ஏற்கிற முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு வரி கட்டுகிற கடைக்காரர். தமிழ்நாட்டில் 2008இல் முறைப்படி தொடங்கிய உறுப்புதானத் திட்டத்தில், மூளை இறந்துபோன தன் பிள்ளையின் சிறுநீரகத்தை இன்னொருவருக்குக் கொடுக்கச் சம்மதித்த யாரோ ஒரு தகப்பனார். இவர்களில் எவருக்கும் அந்தச் சோழவந்தான் வீட்டின் வம்சம் தெரியாது. அவர்கள் அதைக் கேட்கவும் இல்லை.